கொழும்பு மாநாட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதா? வன்னிக் கூத்துக் குழுக்கள் கவனம்

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மாங்குளம், நெடுங்கேணிப் பக்கம் கூத்தோ நாட்டார் பாட்டோ பறையோ வைத்திருக்கிற குழுக்களுக்குத்தான் முதலில் இதைச் சொல்ல வேண்டும். கொழும்பில் பெரிய மாநாடு நடக்கிறது, தொழில்நுட்பத்தையும் பண்பாட்டையும் ஒரே மேடையில் வைக்கிறோம், உங்கள் குழுவைத் தெரிவு செய்திருக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தால், காசு கட்ட முன்னமும் கையெழுத்து வைக்க முன்னமும் இதை ஒருக்கா வாசியுங்கள். எங்களிடம் வாங்கிய காசில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாரின் பாட்டு இப்போது வேறு யாரோ பெயரில் விற்பனைக்கு இருக்கிறது.

ஏற்பாட்டாளர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை வேறு பெயரில் வரவும் கூடும். அதனால் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் சனசமூக நிலையத்துப் பெடியள் சிலபேரும் நானும் சேர்ந்து ஊரில் மிஞ்சியிருக்கிற பாட்டுகளைத் தொலைபேசியில் பதிவு செய்து வருகிறோம். அருவி வெட்டுப் பாட்டு, ஏர்ப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. எல்லாவற்றையும்விட முக்கியமானது கோவலன் கூத்து. வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கேற்றி, பிறகு நந்திக்கடல் கரையில் வற்றாப்பளை அம்மன் வாசலில் போய் நிற்கிற சனத்துக்குக் கண்ணகி கதை வெறும் கதை இல்லை. விடிய விடிய ஆடுகிற அந்தக் கூத்தை முழுமையாகத் தெரிந்த அண்ணாவிமார் இப்போது மிகச் சிலர். கூத்துக் கொப்பிகள் பல 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது போய்விட்டன. எங்கள் அண்ணாவியாரின் கொப்பியும் போனதுதான். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. பாட்டு முழுவதும் அவருடைய நெஞ்சில்தான் இருக்கிறது. ஆகவே நாங்கள் பதிவு செய்கிற ஒவ்வொரு தருவும், அதாவது ஒவ்வொரு கூத்துப் பாட்டும், எங்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று நினைத்துப் பாருங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. பின்னாலேயே தமிழ் பேசுகிற ஒரு ஒருங்கிணைப்பாளர் அழைப்பெடுத்தார். நாற்பது நிமிட மேடை, தமிழிலிருந்து மற்ற இரண்டு மொழிக்கும் மொழிபெயர்ப்பு, தங்குமிடம், சாப்பாடு, வெளிநாட்டு ஆவணக் காப்பாளர்களோடு சந்திப்பு என்று சொன்னார். "நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம் மிஸ், எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மாதிரிக்கு என்று எங்கள் பதிவுகளில் நல்லதாகச் சிலதை அனுப்பச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தரம் குறைந்துவிடும், மூலக் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று வற்புறுத்தினார். அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் காசுக் கதை வந்தது. குழுவுக்குப் பதிவுக் கட்டணம் 45,000 ரூபாய். பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு 12,000. பிறகு தங்குமிடத்துக்கு 20,000. ஒவ்வொன்றும் தனித்தனியாக, "இன்றைக்குப் பின்னேரத்துக்குள் போடாவிட்டால் உங்கள் இடம் வேறு குழுவுக்குப் போய்விடும்" என்ற பேச்சோடு வந்தது. போடச் சொன்ன கணக்கு ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. வங்கிச் சிட்டையைத் தவிர எந்தப் பற்றுச்சீட்டும் எங்களுக்குத் தரப்படவில்லை. ஊரில் நெல் விற்ற காசிலும், கனடாவில் இருக்கிற ஒரு அண்ணை அனுப்பியதிலும் சேர்த்த தொகை அது.

தங்குமிடத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நகரத்துக்கு வெளியே ரியூசன் நடக்கிற ஒரு மண்டபம். வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துப் படுத்தோம். பெண்களுக்குத் தனி இடம் இல்லை.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மாநாட்டுக்கு முதல்நாள் பின்னேரம் 'ஒலிச் சோதனை' என்று எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் நடக்கும் என்று நினைத்துப் போனால், பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு அடித்திருந்தது. அண்ணாவியாருக்கு ஒரு மைக், பிற்பாட்டுக்கு ஒன்று, மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, இரண்டு கமரா. வாசலிலேயே ஒரு படிவத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம், சின்ன எழுத்து. தமிழில் தாருங்கள் என்று கேட்டதற்கு, "இது உள்ளே போகிற பாசுக்கான படிவம், கையெழுத்து இல்லாமல் ஒருவரையும் விடமுடியாது" என்றார்கள். பிரதி கேட்டோம், பிறகு தருகிறோம் என்றார்கள். அண்ணாவியார் தமிழில் தன் பெயரை எழுதினார்.

அந்த அறையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பாட வைத்தார்கள். "ஐயா, அந்தத் தருவை இன்னொருக்கா மெதுவாய்ப் பாடுங்கோ", "இப்ப மத்தளம் மட்டும் தனிய வாசியுங்கோ", "இப்ப தாளம் மட்டும்" என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். ஒலிச் சோதனைக்கு மத்தளத்தை மட்டும் அத்தனை நடையில் தனித்தனியாக யாரும் எடுப்பதில்லை. வெளியே வந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாவியார் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, உவையள் எங்களைக் கூப்பிட்டது நாளைக்குப் பாடவோ, இல்லை இண்டைக்குப் பாடவோ?"

மறுநாள் அவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் சனம். மேடைக்குப் பின்னால் வீட்டுக் கூரையளவு பெரிய திரை, அதில் மூன்று மொழியில் தலைப்பு. தமிழ் வரியில் மட்டும் 'தொழில்நுட்பம்' என்ற சொல்லின் கொம்பு கழன்று, 'த'வுக்குப் பின்னால் போய்த் தனியே நின்றது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையான யூனிகோட்டில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழுக்கு அந்த வசதியைப் போடாத மென்பொருளில் வடிவமைத்து, தமிழ் தெரிந்த ஒருவருக்கும் காட்டாமல் ஏற்றிவிட்டார்கள். தொழில்நுட்பத்தையும் பண்பாட்டையும் பற்றிய மாநாடு அது. எனக்கு நெஞ்சு எரிந்தது.

நாற்பது நிமிடம் என்றது சாப்பாட்டு இடைவேளைக்குள் ஆறு நிமிடமாகச் சுருங்கியது. மொழிபெயர்ப்பாளர் வரவேயில்லை. மைக் இரண்டும் நின்று பேசுகிறவர்களின் உயரத்தில் இருந்தன, கீழே இருந்த மத்தளத்தின் சத்தம் முன்வரிசைக்குக்கூடப் போகவில்லை. அண்ணாவியார் கடவுள் வாழ்த்தான காப்புப் பாடி முடித்து, கூத்தைத் தொடக்கி வைக்கிற கட்டியகாரன் வரவுக்குக் காலை எடுத்து வைக்கிற நேரம், மேடைக்கு முன்னாலிருந்த நேரம் காட்டுகிற திரை சிவப்பாகியது. பின்னாலிருந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள். கோவலனும் வரவில்லை, கண்ணகியும் வரவில்லை. சலங்கை கட்டிய இரண்டு பெடியள் மேடையின் ஓரத்தில் அப்படியே நின்றார்கள்.

அங்கே கண்டதெல்லாம் கூடாதது என்று சொல்லமாட்டேன். கழுத்தில் அட்டை போட்ட ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு அண்ணாவியாருக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுத்து, இருக்கத் தன் கதிரையையும் கொடுத்தாள். ஒரு மூலையில் பழைய ஏடுகளைப் படமெடுக்கிற முறையைச் செய்து காட்டினார்கள்: பக்கவாட்டில் வெளிச்சம், ஏட்டுக்குப் பக்கத்தில் அளவுகோல், ஒவ்வொரு ஏட்டுக்கும் இலக்கம். அதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன், ஊரில் செய்தும் பார்த்தோம், சரியாக வருகிறது. கணினிக்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்குவதைப் பற்றிய ஓர் உரையும் நன்றாக இருந்தது. எங்கள் பேச்சுவழக்கில் நல்ல பதிவுகள் போதாது என்பதால்தான் தொலைபேசிக்கு நாங்கள் சொல்வது விளங்குவதில்லை என்று அந்தப் பேச்சாளர் சொன்னார். அதைக் கேட்கும்போதே, முதல்நாள் அந்த அறையில் எதற்கு அவ்வளவு பிரித்துப் பிரித்துப் பதிவு செய்தார்கள் என்பது எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

ஊருக்கு வந்து சில மாதம் போனபிறகு, எங்கள் யூடியூப் பக்கத்தில் இருந்த அண்ணாவியாரின் பாட்டுக்கு உரிமை கோரல் அறிவித்தல் வந்தது. நாங்கள் பாடிப் பதிந்த பாட்டுக்கு வேறொருவர் சொந்தக்காரராம். தேடிப் பார்த்தால், மாதிரிக்கு என்று மின்னஞ்சலில் அனுப்பிய அதே கோப்பு, பின்னால் நுளம்புச் சத்தமும் எங்கள் வீட்டு நாய் குரைப்பதும்கூட அப்படியே இருக்க, ஒரு இசைத் தொகுப்பில் கிடக்கிறது. அந்த அறையில் வாசித்த மத்தள நடைகள் துண்டு துண்டாக, இசையமைப்பவர்கள் வாங்கிப் பாவிக்கிற ஒலித் துணுக்குகளாக டொலரில் விற்பனைக்கு இருக்கின்றன. அண்ணாவியாரின் பெயர் இல்லை, முல்லைத்தீவின் பெயர் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த ஒரு குழுவில் ஒரு தம்பி அந்தப் படிவத்தைக் கையெழுத்து வைக்க முன்னம் படமெடுத்து வைத்திருந்தார். அவரிடம் வாங்கி வாசித்தோம். நிரந்தரமாக, உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், எந்தக் கொடுப்பனவும் இல்லாமல் பதிவுகளைப் பயன்படுத்தவும், மாற்றவும், மூன்றாம் ஆளுக்கு விற்கவும், கணினியைப் பழக்குகிற இயந்திரக் கற்றலுக்குக் கொடுக்கவும் சம்மதம் என்று அதில் இருக்கிறது. பாசுக்கான படிவம் என்று பொய் சொல்லி வாங்கிய சம்மதம் அது.

"நாட்டார் பாட்டு எல்லாருக்கும் பொதுச்சொத்துத்தானே, ஏன் கத்துகிறீர்கள்" என்று ஊரிலேயே ஓரிருவர் கேட்டார்கள். பொதுவில் வைப்பதற்கு நாங்கள் பின்னிற்கவில்லை. 2005இலிருந்து நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எல்லாருக்கும் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. கணினிக்குப் பேச்சைப் பழக்கக் குரல்களைச் சேர்க்கிற மொசில்லாவின் கொமன் வொய்ஸ் என்ற திட்டத்திலும் தமிழ் இருக்கிறது. அங்கே குரலைக் கொடுக்கிறவருக்கு அது யாரும் எதற்கும் பாவிக்கக்கூடிய உரிமத்தில் வெளியாகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லிக் கேட்டால் அண்ணாவியார் தூக்கிக் கொடுப்பார், அவர் அப்படியான ஆள். ஒளித்து எடுத்து, பெயரை அழித்து, பிறகு எங்களுடைய பதிவின் மேலேயே உரிமை கோருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சட்டமும் அவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்கள் பக்கம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் தங்கள் நிகழ்த்துகையின்மேல் உரிமை தருகிறது. நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பதிப்புரிமைக்கு இலங்கையில் எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை, ஆக்கியவுடனேயே உரிமை வந்துவிடும். ஆனால் யார் முதலில் பதிந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆகவே தொலைபேசியிலிருக்கிற மூலக் கோப்பை ஒருநாளும் அழிக்காதீர்கள், அதில் பதிந்த திகதி இருக்கும். யூடியூப்பில் உரிமை கோரல் வந்தால் பயந்து வீடியோவைத் தூக்கவும் வேண்டாம். மறுப்புத் தெரிவிக்கலாம், கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் மறுப்போடு பழைய கோப்பின் திகதியையும் எழுதினோம். கெடு முடிய ஒரு பதிலும் வரவில்லை, கோரல் நீங்கியது. விற்பனைக்குக் கிடக்கிற தொகுப்புத்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.

இனிமேல் இப்படி அழைப்பு வந்தால் எங்கள் நிலையத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். அழைத்த நிறுவனத்தின் பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கிறோம். தனி ஆளின் கணக்கில் காசு போடச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. பாடக் கூப்பிடுகிறவர்கள்தான் பாடுகிறவருக்குக் காசு தர வேண்டும், பாடுகிறவர் கட்டுவது எந்த ஊர் வழக்கம்? மாதிரிக்குக் கேட்டால் ஒரு நிமிடத் துண்டு மட்டும், அதுவும் தொடக்கத்தில் அண்ணாவியாரின் பெயரையும் ஊரையும் வாயால் சொல்லிவிட்டு. படிவம் தமிழில் வராவிட்டால் கையெழுத்து இல்லை. வந்தாலும் படமெடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து, தெரிந்தவர் ஒருவருக்குக் காட்டிய பிறகுதான். மேடைக்கு வெளியே தனி அறையில் பாடக் கேட்டால், ஏன், யாருக்கு, எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேட்கிறோம்.

காசைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறோம், அவர்களின் 1977 இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அச்செடுத்துத் திகதி வாரியாகக் கோவையில் போட்டுக்கொண்டு போங்கள், வெறும் கையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதே மாதிரிக் கடிதம் வந்த வேறு குழுக்கள் வன்னியில் இருக்கின்றன என்று அறிகிறோம். அந்த அறையில் பாடியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் மூலக் கோப்புகளையும் அனுப்பிய மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்களோடு சேருங்கள். ஒரு குழுவின் முறைப்பாட்டைத் தட்டிக் கழிப்பார்கள், நாலு ஐந்து குழுக்கள் ஒன்றாகப் போனால் அது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் அந்தத் தொகுப்பை இறக்க வைக்க வேண்டும் என்பதுதான் அண்ணாவியாரின் விருப்பம், எங்கள் விருப்பமும் அதுதான்.