திப்பியும் சாணமும் கலந்து ஓடும் எரிவாயுக் கலன்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஆத்தூர்ப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்தில் நான்கு மாடுகள் நிற்கின்றன. அவற்றின் சாணத்தோடு, பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவு எடுத்தபின் கழிவாகும் மரவள்ளிச் சக்கையான திப்பியையும் போட்டு அடுப்பெரிக்கலாம் என்று எண்ணி, உள்ளே வாயு சேரச் சேர உயரும் மிதக்கும் மூடி கொண்ட 2 கன மீட்டர் ஃபைபர் எரிவாயுக் கலன் ஒன்றை வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

கலனின் கட்டுமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில் மூடி எத்தனை சாண் உயர்ந்து நிற்கிறது என்பதைப் பார்த்தே அன்றைக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். உடன் தந்த அடுப்பும் நன்று. சாண எரிவாயு மிகக் குறைந்த அழுத்தத்தில் வருவதால், சிலிண்டர் அடுப்பைவிடப் பெரிய துளையுள்ள ஜெட் (வாயு வெளிவரும் முனை) இதற்குத் தேவை.

குறை, விற்றவர்கள் சொன்ன வார்த்தையில்தான். "மட்கும் எதையும் போடலாம்" என்றார்கள். அதை நம்பி இரண்டாம் மாதத்தில் நாள்தோறும் இரண்டு கூடை திப்பியைக் கொட்டினோம். சில நாட்களில் மூடி வழக்கத்தைவிட உயரமாக எழுந்தது. ஆனால் தீ பற்றவில்லை. கரைசலில் புளித்த மாவின் நெடி அடித்தது. திப்பியில் எஞ்சியிருக்கும் மாவுச்சத்து விரைவில் அமிலமாகிவிடும். அந்த அமிலத்தை மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர்களோ மெதுவாகப் பெருகுபவை, பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் மிகுதி என்று காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே போனால் தளர்ந்துவிடுபவை. மூடியைத் தூக்கி நின்றது பெரும்பாலும் கரியமில வாயுவே. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தண்ணீரைக் கூட்டி ஊற்றுமாறு மட்டும் சொன்னார்கள்; அதனால் பயனில்லை. கலனில் சாணமும் திப்பியும் போடுவதை அடியோடு நிறுத்தி, உறவினர் வீட்டுக் கலனிலிருந்து பத்து வாளி கரைசல் கொண்டுவந்து ஊற்றி, சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகு, மூன்று வாரம் கழித்தே நீலச் சுடர் திரும்பியது.

இப்போது ஐந்து பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு திப்பி என்ற அளவைத் தாண்டுவதில்லை. திப்பியில் தழைச்சத்து மிகக் குறைவு. அதை ஈடுகட்டுவதும் அமிலத்தைத் தாங்கிக்கொள்வதும் சாணம்தான். மரவள்ளித் தோலையும் போடுகிறோம், ஆனால் கழுவி ஒரு நாள் உலர்த்திய பிறகே. ஒட்டியிருக்கும் மண் கலனின் அடியில் படிந்துவிடும் என்பதோடு, பச்சைத் தோலில் உண்டாகும் சயனைடும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது.

சாணம் மட்டும் போட்டதைவிட இப்போது ஏறக்குறைய ஒரு வேளைச் சமையலுக்கான வாயு கூடுதலாகக் கிடைக்கிறது. கலனிலிருந்து வெளிவரும் கரைசல் மஞ்சள் பயிரிட்ட வயலுக்குப் போகிறது.

இரண்டு குறைகள் இன்னும் உள்ளன. நுழைவுக் குழாய் குறுகல் என்பதால் திப்பி நார் அடைத்துக்கொள்கிறது. மூங்கில் கழியால் குத்திவிட வேண்டும். வாயுக் குழாயில் நீர் வடிக்கும் குழாய்த்திறப்பு வைக்கப்படாததால், மழைக்காலத்தில் குழாயில் நீர் தேங்கிச் சுடர் துடிக்கிறது.

மூன்று நான்கு மாடுகளாவது வைத்திருப்போர் தயங்காமல் வாங்கலாம். மாடில்லாமல் ஆலைக் கழிவை மட்டும் நம்பியிருப்போருக்கு இந்தக் கலன் ஏற்றதன்று. எதை எந்த அளவில் போடலாம் என்ற அட்டவணையை மூடியின் மேலேயே அச்சிட்டுத் தருமாறு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.