காவலர் தேர்வு: ஓஎம்ஆர் தாளா, கணினியா?

உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கு 48 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2024 பிப்ரவரி 17, 18-இல் ஓஎம்ஆர் தாளில் (விடை வட்டங்களைப் பேனாவால் நிரப்பி, இயந்திரம் திருத்தும் தாள்) தேர்வு. 24-ஆம் தேதி ரத்து. வினாத்தாள் முன்பே வெளியாகிவிட்டது.

ஓஎம்ஆர் முறையின் பலவீனம் வழியில்தான். அச்சகம், கிடங்கு, லாரி, கருவூலம், மையம் என்று வினாத்தாள் பல கை மாறுகிறது. பெட்டியின் முன்பக்க சீல் அப்படியே இருக்கும். கீல் ஆணியையோ அடித்தகட்டையோ கழற்றிப் படம் பிடித்துவிடலாம். அதனால் சீலை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வீண். ஆறு பக்கமும் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும். ஒரு நல்லது: கார்பன் நகல் தேர்வர் கையில் இருப்பதால், காலி வட்டங்களைப் பிறகு நிரப்பினால் மாட்டிக்கொள்வார்கள்.

கணினித் தேர்வில் லாரி கிடையாது. குறியாக்கம் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாத) வினாக்கள் கடைசி நேரத்தில்தான் திறக்கும், ஆளுக்கு ஆள் வரிசை மாறும். ஆனால் திருட்டு மையத்துக்குள் இடம் மாறுகிறது. தொலைநிலை மென்பொருள் ஒன்று போதும், வெளியில் இருப்பவர் விடையைச் சொடுக்குவார்; தேர்வர் சும்மா மவுஸைப் பிடித்திருப்பார். தனியார் ஆய்வகம் என்றால் முந்தைய இரவே கணினியின் ஹார்ட் டிஸ்க்கை அழித்து மென்பொருளைப் புதிதாக நிறுவி, கேபிள்களை எண்ணி, அறையைப் பூட்ட வேண்டும். ஷிஃப்ட் கூடினால், வெவ்வேறு வினாத்தாள்களின் மதிப்பெண்ணைச் சமன்படுத்துவது பற்றிய நீதிமன்ற வழக்குகளும் கூடும்.

ஆள்மாறாட்டத்துக்கு இரண்டும் ஒன்றே: தேர்வறையில் எடுத்த கைரேகையை உடல்தகுதித் தேர்விலும் ஒப்பிட வேண்டும்.

இத்தனை பேருக்கு நம்பகமான கணினி மையங்கள் கிடைப்பது கடினம். ஆகஸ்ட் மறுதேர்வும் ஓஎம்ஆர்தான்: 5 நாள், 10 ஷிஃப்ட்.