ஒரே போர்ட், நாலு வொர்க்கர்: ஃபோர்க்கா, ரீயூஸ்போர்ட்டா?

லினக்ஸ் சர்வர் ஒன்றில் 80ஆம் போர்ட்டுக்கு (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வரும் இணைப்புகளை நாலு வொர்க்கர்கள், அதாவது ஒரே வேலையைச் செய்யும் நாலு ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்), பிரித்துக்கொள்ள வேண்டும். எப்படி?

பழைய வழி, தாய் ப்ராசஸ் ஒரு சாக்கெட்டைத் (இணைப்பு வந்து சேரும் முனை) திறந்து லிசன் செய்துவிட்டு, அதாவது இணைப்புகளை ஏற்கத் தயாராக்கிவிட்டு, ஃபோர்க் போடுவது: தன்னையே நகலெடுத்துப் பிள்ளை ப்ராசஸ்களை உருவாக்குவது. டிஸ்கிரிப்டர் (சாக்கெட்டைக் குறிக்கும் எண்) ஆளுக்கொன்று, ஆனால் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சாக்கெட் ஒன்றுதான்; காத்திருக்கும் வரிசையும் ஒன்றுதான். எனக்கு இதில் பிடித்ததே அந்த ஒற்றை வரிசைதான். ஒரு வொர்க்கர் செத்துப்போனாலும் வரிசையில் நிற்கும் இணைப்பை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்.

தொல்லை ஈபோலோடு (எந்த இணைப்பில் வேலை வந்தது என்று கர்னல் சொல்லும்வரை தூங்கிக் காத்திருக்க உதவும் லினக்ஸ் வசதி) சேரும்போது வருகிறது. ஒரு இணைப்பு வந்தால் தூங்கும் நாலு பேரும் எழுந்து ஓடிவருவார்கள், வேலை ஒருவருக்குத்தான். 2016இல் லினக்ஸ் 4.5-இல் வந்த ஈபோல்எக்ஸ்க்ளூசிவ் (எல்லோரையும் எழுப்பாதே என்று சொல்லும் ஆப்ஷன்) இதைப் பெருமளவு அடக்கியது. ஆனாலும் ஒரே வொர்க்கரிடம் வேலை குவிவதுண்டு.

ஃபோர்க்கில் இன்னொரு கண்ணி: திறந்திருக்கும் பைப்புகளும் (ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் போகும் குழாய்கள்) பிள்ளைகளுக்குக் கூடவே போய்விடும். எழுதும் முனையை ஒரே ஒரு பிள்ளை மூடாமல் விட்டாலும் படிப்பவருக்குத் தகவல் முடிந்தது என்ற அடையாளம் வந்து சேராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை போனது.

2013இல் லினக்ஸ் 3.9-இல் வந்தது ரீயூஸ்போர்ட். ஒவ்வொரு வொர்க்கரும் தனக்கென ஒரு சாக்கெட் திறந்து அதே போர்ட்டில் பைண்ட் செய்யலாம், அதாவது அந்த எண்ணோடு இணைத்துக்கொள்ளலாம். இரு பக்கத்து முகவரி, போர்ட் எண்களை ஹாஷ் செய்து (ஒரே எண்ணாகச் சுருக்கி) யாருக்கு என்று கர்னலே முடிவு செய்யும். ஒரே வரிசையைத் தொட அதன் பூட்டுக்காக வொர்க்கர்கள் போடும் போட்டி குறைகிறது, சுமையும் ஓரளவு சமமாகப் பரவுகிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் 1.9.1 முதல் இது உண்டு.

சரி, விலை? வரிசை நாலாகிவிட்டது. ஒரு வொர்க்கர் கனமான வேலையில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் மூன்று பேர் சும்மா இருந்தாலும் அதன் வரிசையில் விழுந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அது செத்தால் வரிசையில் இருந்த இணைப்புகளும் அறுந்துபோகும். அவற்றை வேறு சாக்கெட்டுக்கு மாற்றும் வசதி லினக்ஸ் 5.14-இல் வந்தது, ஆனால் நாமாக இயக்கிவிட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் இப்படிப் பங்கிட ரீயூஸ்போர்ட் எல்பி என்று தனி ஆப்ஷனே இருக்கிறது. பழைய பெயரை நம்பி நிரலை அங்கே கொண்டுபோனால் சுமை பிரியாது.

டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி எண் தேடித்தரும் சேவை) போல ஒவ்வொரு கேள்வியும் சிறியதாக, ஒரே அளவாக இருந்தால் யோசிக்காமல் ரீயூஸ்போர்ட் எடுப்பேன். சில கோரிக்கைக்கு 2 மில்லிசெகண்ட், சிலதுக்கு 2 செகண்ட் என்று ஓடும் வெப் சர்வருக்கு ஃபோர்க்கும் ஈபோல்எக்ஸ்க்ளூசிவும்தான். அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் சர்வருக்கும் அதையேதான் சொல்வேன்.