டைட்டர் எவ்வளவு? பல் கிளினிக் கோணத்தில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி

பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவரிடம் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால் "காலேஜ்லயே போட்டாச்சு" என்று பட்டென்று பதில் வரும். மூன்று தவணையுமா, கடைசி ஊசி எப்போது, டைட்டர் (ஊசியால் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளின் அளவு) எவ்வளவு என்று தொடர்ந்தால் பேச்சு இழுக்க ஆரம்பிக்கும். தடுப்பூசித் தயக்கம் என்றதும் ஊசியே ஆகாது என்று கொடிபிடிப்பவர்தான் நினைவுக்கு வருவார். பல் துறையில் அவரைவிட, பாதியில் விட்டுவிட்டு முடிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் கவலை. இந்தத் தடுப்பூசியை இங்கே எடைபோடுவதும் அவரை மனதில் வைத்துத்தான்.

சரக்கு எப்படி? குறை சொல்ல அதிகம் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துச் செய்வது இது. உயிருள்ள வைரஸும் கிடையாது, மனித ரத்தமும் கிடையாது. 1981-இல் வந்த முதல் தடுப்பூசி மனித பிளாஸ்மாவிலிருந்து தயாரானது. 'யார் ரத்தமோ' என்ற சந்தேகத்துக்கு அதில் இடம் இருந்தது. 1986-இல் ஈஸ்ட் முறை வந்ததும் அதற்கான காரணம் போய்விட்டது. முந்தைய தவணைக்கோ ஈஸ்ட்டுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக் கூடாது. மற்றபடி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் அசதி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு எஞ்செரிக்ஸ்-பி என்ற பிராண்டு என்றால் 20 மைக்ரோகிராம், 1 மில்லி, 0-1-6 மாதக் கணக்கு. முதல் இரண்டு ஊசி ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்து மாதக் காத்திருப்பில்தான் ஆள் நழுவுகிறார். இந்தப் பொருளின் ஒரே பெரிய குறை இது. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹெப்லிசாவ்-பி ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியோடு முடிகிறது. அது கிடைக்கும் இடத்தில், அடிக்கடி வேலை மாறும் உதவியாளர்களுக்கு அதையே பரிந்துரைப்போம். மூன்றாவது தவணை தள்ளிப்போனவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். இது தெரியாததாலேயே "திரும்ப மூணு ஊசியா?" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு.

கிளினிக்கில் எங்கே குத்துகிறது என்று பாருங்கள். மரத்துப்போகும் ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடும்போது. ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைப்பதற்கு முன், பல் காறை எடுக்கும் ஸ்கேலர்களைக் கையால் தேய்த்துக் கழுவும்போது. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸில் பர் என்ற கூர்முனையைக் கழற்றாமல் மாட்டிவைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் சக்‌ஷன் குழாயை எட்டி எடுக்கும்போது முன்கையில் ஒரு கீறல். தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30% வரை. எச்ஐவிக்கு அது சுமார் 0.3%தான். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் 7 நாள் தாக்குப்பிடிக்கும். எச்ஐவிக்கு நடுங்குபவர்கள் இதை அலட்சியமாக விடுவது விசித்திரம்.

ஊசி பலிக்காமல் போவதற்குக் கையாள்வதும் காரணமாகலாம். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. பொருள்கள் வைக்கும் ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்தால், அலுமினியம் கலந்த மருந்து உறைந்து கெட்டுவிடும். உறைந்து உருகியதைக் குலுக்கினாலும் சீராகக் கலங்காது, துகள்கள் சீக்கிரமே அடியில் படியும். போட வேண்டிய இடம் மேற்கைத் தசை. பிட்டத்தில் போட்டால் பலன் குறையும்.

இனி இந்தத் தடுப்பூசியின் தனிச்சிறப்பு. வேலை செய்ததா என்று எண்ணில் பார்த்துக்கொள்ளலாம். கடைசித் தவணைக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் பரிசோதனை. டைட்டர் என்பது இதில் வரும் எண்தான். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ வந்தால் பாதுகாப்பு. அதற்குக் கீழே என்றால் இன்னொரு சுற்று முழுதாகப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், புகைபிடிப்பவர், உடல் பருமன் உள்ளவர் ஆகியோருக்கு எண் ஏறாமல் போக வாய்ப்பு கூடுதல். இரண்டு சுற்றுக்குப் பிறகும் ஏறாவிட்டால் அவருக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தொற்றும் இல்லை என்றால், ஊசிக்குத்து ஏற்பட்டதும் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) போட வேண்டியவர் என்று பதிவேட்டில் குறித்துவிட வேண்டும். அந்த ஊசியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

ஆனால் தவறான நேரத்தில் எடுத்த பரிசோதனையே தயக்கத்துக்குத் தீனி போடும். ஊசி போட்டுப் பத்து வருடம் கழித்து டைட்டர் 4 என்று வந்தால் "பார்த்தீங்களா, ஊசி வேஸ்ட்" என்பார்கள். உடம்பு அந்த வைரஸை அடையாளம் காணும் நினைவு அப்போதும் இருக்கும். அளவு இறங்குவது இயல்பு. அன்று 10-ஐத் தாண்டியதற்குச் சீட்டு இருந்தால் கவலையே வேண்டாம். சீட்டு இல்லை என்றால் ஒரு தவணை போட்டு, 1-2 மாதம் கழித்துப் பார்க்கலாம். இன்னொரு வம்பு: ஊசி போட்ட 18 நாள் வரை ரத்தத்தில் மேலுறை ஆன்டிஜென் (தொற்று இருக்கிறதா என்று பார்க்கத் தேடும் அதே மேலுறைப் புரதம்) தற்காலிகமாக பாசிட்டிவ் காட்டலாம். போட்ட மறுவாரமே வேறொரு காரணத்துக்காகப் பரிசோதித்தவர் "ஊசியே நோயைக் கொடுத்துவிட்டது" என்று அலறுவார். அவரைத் திட்டாமல், சில வாரம் கழித்துத் திரும்பச் சோதிக்கச் சொன்னால் விஷயம் முடிந்தது.

தன் ஊசியை முடித்த அனுபவம், நோயாளிகளிடம் தடுப்பூசி பற்றிப் பேச எப்படி உதவுகிறது? பல் கிளினிக்கில் அதிகம் பேச வேண்டியது எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி. தொண்டையின் வாய்ப்பகுதிப் புற்றுக்கும் எச்பிவி 16-க்கும் தொடர்பு உண்டு. 2020-இல் கார்டசில் 9 என்ற எச்பிவி தடுப்பூசியின் அமெரிக்க ஒப்புதலில் அந்தப் புற்றுகளைத் தடுப்பதும் சேர்க்கப்பட்டது. 9 முதல் 14 வயதில் தொடங்கினால் 6-12 மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15 வயது முதல் மூன்று என்பது அதன் அட்டவணை. ஏற்கெனவே வந்த தொற்றை அது போக்காது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாயில் சக்‌ஷனை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். படுத்திருப்பவரால் கேள்வி கேட்க முடியாது, தலையை மட்டும் ஆட்டுவார். சேரை நிமிர்த்தி, வாயைக் கொப்பளிக்கவிட்டு, "பையனுக்கு எச்பிவி ஊசி போடுற வயசு இது" என்று நேராகச் சொல்லுங்கள். "போடலாமா வேண்டாமா?" என்று தொடங்கினால் வேண்டாம் என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. தயங்கினால் எது உறுத்துகிறது என்று கேட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி, அடுத்த செக்கப்பில் தொடருங்கள். "நீங்க உங்க ஊசியெல்லாம் போட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டால், உதவியாளர் தன் டைட்டர் எண்ணைச் சொல்ல முடிய வேண்டும்.