சின்ன ரோட்டரி பாலிஷர் வாங்கலாமா? பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

கார் பெயிண்ட் கரெக்‌ஷனுக்கு (அதாவது பெயிண்டில் உள்ள மெல்லிய கீறல்களைத் தேய்த்து எடுப்பதற்கு) 3 இஞ்ச் ரோட்டரி பாலிஷர் (பேடு ஒரே அச்சில் சுற்றும் மெஷின்) வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் முதல் மெஷினாக வேண்டாம். கையில் ஏற்கெனவே 5 அல்லது 6 இஞ்ச் டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேடு சுற்றிக்கொண்டே ஆடுவது) இருக்கிறது, பானெட்டும் ரூஃபும் பளபளவென்று வந்துவிட்டன, ஆனால் பம்பர் மடிப்பு, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏறும் பில்லர், சைடு மிரர், நம்பர் பிளேட்டைச் சுற்றிய குழி எல்லாம் கோடு கோடாக அப்படியே நிற்கின்றன என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் இது தேவை. பானெட் முழுவதையும் இதை வைத்தே முடித்துவிடலாம் என்று இறங்கினால் தோள் வலிதான் மிஞ்சும். பாலிஷ் ஒரே மாதிரியும் வராது.

வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது அதிகபட்ச ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. நான் பார்க்கச் சொல்வது குறைந்தபட்ச ஆர்பிஎம். 3 இஞ்ச் பேடு 2000-ல் சுற்றும்போது அதன் ஓரம் ஓடும் வேகமும், 6 இஞ்ச் பேடு 1000-ல் சுற்றும்போது அதன் ஓரம் ஓடும் வேகமும் ஒன்றேதான், அதனால் சின்ன மெஷினில் எண் கொஞ்சம் அதிகமாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தொடங்கும் வேகம் ஆயிரத்துக்குள் இல்லாவிட்டால் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை) பரவுவதற்கு முன்பே கண்ணாடி, வைப்பர், சட்டை என்று எல்லாவற்றிலும் தெறித்திருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் ஒரேயடியாகப் பாயாமல் மெதுவாக வேகமெடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் வேண்டும். லேசாக அழுத்தியதும் வேகம் படுத்துவிடாமல் தாங்கிப் பிடிக்கவும் வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பிறகு.

சிலர் ஆங்கிள் கிரைண்டரில் பேடு மாட்டிச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாதாரண 4 இஞ்ச் கிரைண்டர் சுமார் 11,000 ஆர்பிஎம்மில் ஓடுவது, பெயிண்ட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டிரில்லில் மாட்டும் பேடு அவ்வளவு ஆபத்தில்லை என்றாலும் அந்தப் பிடியில் பேடைச் சமமாக வைக்கவே முடியாது.

பேட்டரியா வயரா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, சின்ன மெஷினுக்குப் பேட்டரிதான். குனிந்து வளைந்து செய்கிற வேலையில் வயர் பெயிண்டின் மேல் உரசிக்கொண்டே இருந்தால், ஒரு கோட்டை எடுக்கப் போய் இன்னொரு கோட்டைப் போடுகிறோம். இரண்டு பேட்டரி இருக்கிற செட்டாக எடுங்கள், ஊல் (கம்பளி) பேடு போட்டால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். ஃபிளெக்ஸ் பிஎக்ஸ்இ 80 போன்ற சில மெஷின்களில் தலையை மட்டும் மாற்றி ரோட்டரியாகவும் ஆர்பிட்டலாகவும் (டூயல் ஆக்‌ஷன் போல ஆடும்படி) ஓட்டலாம். அந்த வசதி ஏன் பெரியது என்பதைக் கீழே ஹாலோகிராம் பற்றிச் சொல்லும்போது பாருங்கள். பேடு ஒட்டும் பேக்கிங் பிளேட்டைவிடப் பேடு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், பிளேட்டின் கெட்டி ஓரம் பெயிண்டில் பட்டால் அப்புறம் பாலிஷ் வேலை பெயிண்டர் வேலையாகிவிடும். 1, 2 இஞ்ச் பேடுகளும் எக்ஸ்டென்ஷன் ராடும் தனியாக வாங்க வேண்டியிருந்தாலும் வாங்கிவிடுங்கள். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் நகக் கீறல் பிறைபிறையாக விழுந்திருக்குமே, அங்கே 3 இஞ்ச் பேடு நுழையவே நுழையாது, ராடில் மாட்டிய 1 இஞ்ச் ஃபோம் பேடுதான் போகும்.

இப்போது முக்கியமான விஷயம், சூடு. டூயல் ஆக்‌ஷனில் பேடு சுற்றிக்கொண்டே ஆடும், பெரும்பாலான மெஷின்களில் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும், அதனால் நம்மை ஓரளவு காப்பாற்றும். ரோட்டரியில் அது கிடையாது, ஒரே அச்சில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலும் பேடு சின்னதாக இருந்தால் நம் கையழுத்தம் முழுவதும் ஒரு கைப்பிடி இடத்தில் இறங்குகிறது. பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடித் தடிமன்கூடப் பெரும்பாலும் வராது. வெயிலைத் தடுக்கும் பொருள்களும் அதற்குள்தான் இருக்கின்றன. பாடி லைன் மடிப்புகளில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, சூடு பெயிண்டிலேயே தங்கும், தகட்டில் தாங்கியது பம்பரில் தாங்காது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் சாதாரண கேஜ் தகட்டில்தான் அளக்கும், பிளாஸ்டிக்கில் அளக்காது. ஆகவே பம்பரில் வேகத்தைக் குறைத்து, ஓரிரு முறை ஓட்டியதும் புறங்கையை வைத்துப் பாருங்கள். கதகதப்பு இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றும் சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும் முறை இது. மடிப்புகளுக்கும் ரப்பர் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப். 3 இஞ்ச் பேடில் பட்டாணி அளவில் இரண்டு மூன்று பொட்டு காம்பவுண்ட் போதும். பேடைப் பெயிண்டில் வைத்த பிறகுதான் ஸ்விட்ச். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 1200 முதல் 1500 வரை ஏற்றி, ஓரடிக்கு ஓரடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மெஷினின் எடையே அழுத்தமாக இருக்கும்படி மெதுவாக நகர்த்துங்கள், ஒரே இடத்தில் ஒரு நொடிகூட நிற்காமல். ஓரம் வரும்போது பேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள், அது ஓரத்தை விட்டு வெளியே ஓட வேண்டும், ஓரத்தின் மேல் ஏறி வரக் கூடாது. ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். சின்னப் பேடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடைத்த பேடு வெட்டாமல் சூட்டை மட்டும் ஏற்றும். அதனால் ஒவ்வொரு வகையிலும் நாலைந்து பேடு இருப்பது நல்லது.

முடிந்தது என்று நினைத்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு எல்இடி டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும், துடைத்தால்தான் உண்மை தெரியும். கறுப்புக் காராக இருந்தால் பேடு போன வழியெல்லாம் மினுக்கென்று நிழல் வரிகள் டார்ச்சோடு சேர்ந்து நகரும், அதுதான் ஹாலோகிராம். ரோட்டரியில் காம்பவுண்ட் போட்டால் பெரும்பாலும் இது வரும், மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. மென்மையான ஃபோம், ஃபினிஷிங் பாலிஷ், ஆர்பிட்டல் அசைவு, இந்த மூன்றும் சேர்ந்தால் போய்விடும். தலை மாற்றும் வசதியுள்ள மெஷின் என்றால் அதே மெஷினிலேயே முடித்துவிடலாம், இல்லாதவர்கள் அந்த மடிப்புகளை ஃபினிஷிங் பாலிஷும் மைக்ரோஃபைபர் அப்ளிகேட்டரும் வைத்துக் கையால்தான் தேய்க்க வேண்டும், நேரம் பிடிக்கும். பறவை எச்சம் பெயிண்டில் அரித்த இடம், ஈரத்தோடு 3000 கிரிட் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம் போன்ற சின்னப் புள்ளிகளில் மட்டும் ரோட்டரியின் வெட்டு வேகத்துக்கு ஆர்பிட்டல் பக்கத்தில்கூட வராது, நான் இந்த மெஷினை அதிகம் எடுப்பதும் அதற்காகத்தான்.