ராணுவ கான்ட்ராக்ட் வகுப்பு: முதல் பாதி பிரமாதம், அப்புறம்?

டெட்ராய்ட் பக்கம் ராணுவ வாகனங்களுக்குப் பாகம் செய்துதரும் சின்னக் கம்பெனியில் விலை மதிப்பீடு என் வேலை. அமெரிக்க ராணுவக் கொள்முதலில் எந்த வேலைக்கு எந்த வகை கான்ட்ராக்ட் என்று சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பில் ஆபீஸ் செலவில் சேர்ந்தேன். நடத்தியவர் அரசுப் பக்கம் கான்ட்ராக்ட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இலக்குச் செலவு 100 கோடி டாலர், லாபம் 10, விலைக்கு உச்சவரம்பு 115, செலவு கூடினால் கூடியதை அரசும் கம்பெனியும் ஆளுக்குப் பாதி ஏற்கவேண்டும். இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டில் ஓட்டிக் காட்டினார். செலவு 110ஐத் தொடும்போது லாபம் 5 ஆகச் சுருங்கி, விலை 115இல் முட்டி நிற்கிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டாலரும் கம்பெனி தலையில். 115ஐத் தாண்டினால் கைக்காசு. ஃபார்முலாவை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், எண்களை மாற்றி எங்களையே தட்டிப் பார்க்கவிட்டார். கட்டணம் இதற்கே தகும்.

சறுக்கியது இரண்டாம் பாதியில். டிசைனே முடியாத, ரிஸ்க் அதிகமான வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? "ஃபிக்ஸட் பிரைஸ் (முன்கூட்டியே கட்டிவைத்த விலை) போட்டால் அரசுக்குக் கவலையில்லை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். கடற்படைக்காகத் திட்டமிட்ட ஏ-12 தாக்குதல் விமானத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு. 1988இல் அதுவும் இப்படி உச்சவரம்பு வைத்துக் கையெழுத்தானதுதான். எடையும் செலவும் ஏறி, 1991 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி ரத்து செய்தார். கடற்படைக்கு ஒரு விமானம்கூட வரவில்லை. ரத்தை எதிர்த்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு 2014 வரை இழுத்தது. அந்தக் கம்பெனிகளில் ஒன்று பின்னாளில் இணைந்த போயிங், தன் பங்குக்கு மூன்று குரௌலர் (மின்னணுப் போர்) விமானங்களைக் கொடுத்துக் கணக்கை முடித்தது. இதில் அரசுக்கு எங்கே நிம்மதி?

வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் கேசி-46 டாங்கரின் பெயரே வகுப்பில் வரவில்லை. 2011இல் 490 கோடி டாலர் உச்சவரம்போடு எடுத்த திட்டத்தில் போயிங் இதுவரை எழுதிய நஷ்டம் 700 கோடிக்கு மேல். நஷ்டம் கம்பெனிக்குத்தான், சரி. ஆனால் விமானப்படைக்கும் டாங்கர் தாமதமாக, எரிபொருள் ஊட்டும்போது பார்க்கிற கேமராவில் கோளாறோடுதான் வந்தது.

பி-21 குண்டுவீச்சு விமானத்துக்கு டிசைன் கட்டத்தை காஸ்ட் பிளஸிலும் (ஆன செலவோடு லாபமும் தரும் முறை) முதல் உற்பத்தித் தொகுதிகளை ஃபிக்ஸட் பிரைஸிலும் ஏன் பிரித்தார்கள் என்று சாட்டில் கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார். எனக்கு வேண்டியிருந்ததே அந்தப் பதில்தான்.

லாபக் கணக்கு புதிதாகப் படிப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். டெண்டருக்குக் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்கு இது பற்றாது. அந்த எக்செல் ஷீட்டைத் தனியாக விற்றால் நானே வாங்குவேன்.