15 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் முதலில் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்

திருகோணமலை டவுனில் ஒரு கமராக் கடையில் 'காபன் ஃபைபர்' என்று சொல்லிக் கறுப்பு நிறத்தில் ஒரு ட்ரைபொட் (கமராவைப் பூட்டி நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்ட்) விற்கிறார்கள். அதோடு ஒரு கமரா பாக்கும் சேர்த்துக் 'கொம்போ' விலை. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பொருளின் அடையாளத்தைச் சொல்கிறேன், கண்டால் விலகி நடவுங்கள். முக்கியமாகப் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள், கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிற தம்பிமார் கடைசிவரை வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது நிக்கோன் டி850, அதற்கு 200-500 மி.மீ. சூம் லென்ஸ். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. கமராவின் பொடி, அதாவது லென்ஸ் இல்லாத உடல், பற்றரியோடு ஒரு கிலோ. இரண்டும் சேர்ந்தால் 3.3 கிலோ. கேட்கச் சின்னப் பாரமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த லென்ஸ் முழு சூமில் முன்னுக்கு நீண்டு நிற்கும்போது அந்தப் பாரம் ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். தம்பலகாமம் வயல்வெளியில் நாரை எடுக்கவும், கோயில் திருவிழாவில் சனத்துக்கு மேலால் எடுக்கவும் உறுதியான கால் ஒன்று வேண்டும் என்றுதான் போனேன். இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லித்தான் கேட்டேன்.

முதலாளி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "தம்பி, இது பதினைஞ்சு கிலோ தாங்கும். நீங்க ஏறி நிண்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார். கால்களை முழுவதும் மடக்கியபடி நிறுத்தி, ட்ரைபொட்டின் தலையில், அதாவது மேலே கமராவைப் பூட்டுகிற பகுதியில், கையை வைத்து ஒரு அமத்து அமத்திக் காட்டினார். திமிங்கிலம் எடுக்கப் படகில் போகிறபோதும் இதை வைத்து எடுக்கலாமாம். அந்த இடத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மே, ஜூனில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போகிற சின்ன போட்டில் ட்ரைபொட் விரித்தால் எஞ்சினின் அதிர்வு முழுக்கக் கமராவுக்குத்தான் ஏறும். அங்கே கையால் பிடித்து எடுப்பதே நல்லது. சரி, விற்கிறவர் எல்லாரும் படம் எடுக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்று இல்லைத்தானே.

பெட்டியில் '15 கி.கி.' என்று பெரிதாக இருந்தது. காலின் மேல் வளையத்திலும் அதே இலக்கம் ஒரு வெள்ளி ஸ்டிக்கரில் இருந்தது. குழாயில் காபன் ஃபைபருக்கு உரிய கட்டம் கட்டமான நெசவு மினுங்கியது. ட்ரைபொட்டும் பாக்குமாக 48,000 ரூபா கொடுத்தேன்.

முதலில் காட்டிக் கொடுத்தது தலைதான். உருண்டையில் சுழல்கிற அந்தத் தலையை (போல் ஹெட்) இறுக்கிப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தால், வியூபைண்டரில் தெரிகிற நாரை மெல்ல மேலே போகும். அதாவது லென்ஸின் மூக்கு கீழே இறங்குகிறது. இன்னும் இறுக்கினேன். பிடி வலிக்கும் வரை இறுக்கினேன். அப்படியும் இறங்கியது. இது கூடப் பரவாயில்லை, தலையை மாற்றிக் கொள்ளலாம் என்று நினைக்கும்போதே ஒரு காலின் நடுத் துண்டு பூட்டிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டது. நின்றது வயல் வரம்பில். மூன்று காலும் ஒன்றாகச் சரிந்தன. கழுத்துப் பட்டியை நான் கமராவிலிருந்து கழற்றாமல் கையில் சுற்றியிருந்தபடியால் பொடி தப்பியது. லென்ஸின் முன்னால் வெளிச்சம் மறைக்கப் பூட்டுகிற ஹூட் கல்லில் பட்டு வெடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் காலைக் கழற்றிப் பார்த்தேன். பூட்டு உரசுகிற இடத்தில் அந்த 'காபன்' நெசவு நகத்தளவுக்குச் சுருண்டு எழும்பி நின்றது. அதைப் பிடித்து இழுக்க, வாழைத்தண்டில் நார் உரிப்பது போல நீளமாக உரிந்து வந்தது. அடியில் பளபளவென்று அலுமினியம். நெசவு என்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டு, அவ்வளவுதான். பிறகு வளையத்திலிருந்த வெள்ளி ஸ்டிக்கரையும் உரித்தேன். அதற்குக் கீழே கொம்பனி அச்சிலேயே பொறித்திருந்தது: 5 கி.கி. முன்னால் ஒரு ஒன்றைச் சேர்க்கத்தான் அந்த ஸ்டிக்கர். பெட்டியில் ட்ரைபொட்டின் நிறை 1.5 கிலோ என்று இருந்ததால், பக்கத்துப் பலசரக்குக் கடையில் வெங்காயம் நிறுக்கிற இலக்கத் தராசில் வைத்துப் பார்த்தோம். 2.2 கிலோ காட்டியது. கடைக்கார அண்ணை "கூடத்தானே இருக்கு, லாபம்" என்று சிரித்தார்.

அலுமினிய ட்ரைபொட் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல அலுமினியக் கால் பல வருடம் உழைக்கும். ஆனால் அதற்கு அலுமினிய விலைதான் கொடுக்க வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, காபன் ஃபைபர் 1.6 அளவில் வரும். பாரம் குறைவு, அதிர்வும் கெதியாக அடங்கும். அந்த இரண்டுக்கும்தான் நாங்கள் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டியிலும் இந்த 'இத்தனை கிலோ தாங்கும்' என்ற கணக்கை அப்படியே நம்ப ஏலாது. அதை எப்படிச் சோதிப்பது என்று எல்லாக் கொம்பனிகளும் கட்டுப்பட்டு நடக்கிற ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஒருவர் கால்களை மடக்கி நேராக நிறுத்தி, உடைகிற வரை பாரம் ஏற்றிப் பார்த்து இலக்கம் போடுவார். இன்னொருவர் பாதியைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பாக நிற்பார். நேர் கீழே அமுக்குகிற பாரத்தைத் தாங்குவது வேறு, சாய்ந்து நிற்கிற நீளமான லென்ஸை இறங்காமல் பிடிப்பது வேறு. முதலாளி கையால் அமத்திக் காட்டியது முதலாவது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. கைவசம் உள்ள சாமானின் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு போட்டிருப்பதை எடுப்பது என்பதுதான் படம் எடுக்கிறவர்கள் வழக்கமாகப் பார்க்கிற கணக்கு. காலுக்கு வேறு, தலைக்கு வேறு இலக்கம் இருக்கும், அதில் எது குறைவோ அதுதான் கணக்கு.

இலக்கத்தை விட நான் நம்புவது குழாயின் தடிப்பை. 500 மி.மீ. லென்ஸ் என்றால் காலின் மேல் குழாய் 28 மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும், 32 என்றால் இன்னும் நிம்மதி. எனக்கு விற்றது 22. கால் எத்தனை துண்டாக மடிகிறதோ அந்த அளவுக்குக் கடைசித் துண்டு மெலிந்து போகும். அது ஐந்து துண்டு. மடித்தால் பாக்குக்குள் அடங்கும் என்பதுதான் விற்கிறவர் சொல்லுகிற பெருமை, ஆனால் விரித்தால் அடித்துண்டு என் சின்ன விரல் தடிப்புக் கூட இல்லை. நடுத் தண்டை உயர்த்தி எடுப்பதை மறந்து விடுங்கள், உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் கால் ஆகிவிடும்.

கடையில் நிற்கும்போதே பார்க்கக் கூடியவை இருக்கின்றன. உங்கள் கமராவையும், இருப்பதிலேயே பெரிய லென்ஸையும் கொண்டு போங்கள். விடமாட்டோம் என்றால் அந்தக் கடையே வேண்டாம். காலை முழுவதும் இழுத்து விரித்துப் பூட்டி, லென்ஸை 45 பாகை அளவுக்குச் சாய்த்துப் பூட்டிவிட்டு, எதிரே ஒரு பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தைக் குறி வையுங்கள். முதலாளியோடு இரண்டு கதை கதைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். எழுத்து நகர்ந்திருந்தால் அந்தத் தலை உங்களுக்கு உதவாது. பிறகு கமராவின் பின் திரையில் தெரிகிற படத்தை (லைவ் வியூ) பெருப்பித்து வைத்துக்கொண்டு லென்ஸை மெல்லத் தட்டி, ஆட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். காபனா இல்லையா என்று அறிய அடித்துண்டைத் திருகிக் கழற்றித் தரச் சொல்லிக் குழாயின் வெட்டு முகத்தைப் பாருங்கள். காபன் என்றால் உள்ளும் புறமும் கறுப்பு. வெள்ளி விளிம்பு தெரிந்தால் கதை முடிந்தது. கழற்றினால் வொரன்டி போய்விடும் என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். நிலாவெளி மணலில் வைத்து எடுத்தால் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றித்தான் நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். கழற்றுவதற்கென்றே செய்தது அது.

கமராவின் அல்லது லென்ஸின் அடியில் திருகி, தலையின் பிடிக்குள் பூட்டுகிற பிளேட்டையும் கவனியுங்கள். எனக்குத் தந்தது 'ஆர்க்கா-ஸ்விஸ்' வகை, அதாவது பல பிராண்டுகளும் பாவிக்கிற பொதுவான பிளேட் வகை, என்றார்கள். பிடிக்குள் போட்டு இறுக்கிய பிறகும் நகத்தால் தள்ள ஆடியது. பூட்டுத் தளர்ந்தால் பிளேட் வழுக்கி வெளியே விழாமல் தடுக்க அடியில் சின்ன ஆணிகள் இருக்க வேண்டும். அந்த இரண்டு துளையும் வெறுமையாக இருந்தன.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கோணேசர் மலைப் பக்கம் நின்று எடுக்கிறவர்களுக்கு ஒன்று. நடுத் தண்டின் கொக்கியில் பாக்கைத் தொங்கவிட்டால் ட்ரைபொட் அசையாது என்பார்கள். பாக் காற்றில் ஊஞ்சலாடினால் நிலைமை இன்னும் மோசம். பாக்கின் அடி நிலத்தில் தொட்டுக்கொண்டு இருக்கும் அளவுக்குத் தாழ்த்திக் கட்டுங்கள்.

இனிப் பாக். அட்டையில் போட்டிருந்த நீளம் வெளிப்பக்க அளவு. உள்ளே பஞ்சுத் தடிப்புப் போக மிஞ்சுகிற இடத்தை ஒருவரும் எழுதுவதில்லை. 200-500 தனியே கிட்டத்தட்ட 27 சென்ரிமீற்றர், பொடியில் பூட்டியபடி வைக்க இன்னும் கூடுதலாக வேண்டும். வைத்தால் சிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மூடியது. தோள்பட்டி பாக்கோடு சேருகிற இடத்தில் ஒற்றை வரித் தையல். பாரம் தூக்குகிற பாக்கில் அந்த இடத்தில் பெட்டி கட்டிக் குறுக்கே பெருக்கல் குறி போட்ட தையல் இருக்கும், அல்லது நெருக்கமாகக் குத்திய தடித்த தையல் இருக்கும். என்னுடையதில் நூல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தது. பஸ்ஸில் ஏறும்போது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது.

அதைவிட மோசம் உள்பக்கம். தொட்டால் பிசுபிசுப்பு, மழை உறையிலிருந்து வெள்ளைத் துகள் கொட்டுகிறது. தண்ணீர் புகாமல் இருக்கத் துணியில் பூசுகிற பொலியூரெத்தேன் வெக்கையிலும் ஈரப்பதனிலும் நாளாவட்டத்தில் சிதைந்து இப்படித்தான் ஒட்டும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது இன்னும் கெதியாக நடக்கும். அப்படியென்றால் அந்தப் பாக் புதிது என்ற பெயரில் எத்தனை காலம் எந்தக் களஞ்சியத்தில் அவிந்து கிடந்ததோ. கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். பூஞ்சண மணம் அடித்தால் அந்தப் பஞ்சுக்குள் லென்ஸை வைக்காதீர்கள். நல்ல பாக் என்றாலும் லென்ஸை மாதக்கணக்கில் அதற்குள் பூட்டி வைப்பது கூடாது, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

திருப்பிக் கொண்டு போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். "அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏத்தியிருப்பீங்க" என்றுதான் முதலாளி தொடங்கினார்.

"மூண்டு கிலோதான் அண்ணை. பெட்டியில பதினைஞ்சு எண்டெல்லோ கிடக்குது?"

"அது கொம்பனி போட்டது. நாங்க போடேல்ல."

ஸ்டிக்கரையும் அதற்குக் கீழே இருந்த ஐந்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, பொடியனைக் கூப்பிட்டு எனக்குப் பிளேன்ரீ வாங்கி வரச் சொன்னார். பில்லை எடுத்துப் பார்த்தால் 'கமரா ஸ்டாண்ட் 1, பாக் 1' என்று மட்டும் இருக்கிறது. பிராண்டும் இல்லை, மொடலும் இல்லை, காபன் என்ற சொல்லே இல்லை. விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற வரி மட்டும் அச்சில் பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் வாங்கினால் 'காபன் ஃபைபர், 15 கி.கி.' என்று அவர்கள் வாயால் சொன்னதைப் பில்லில் கையால் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் மேசை லாச்சி திறந்தது. ட்ரைபொட்டை எடுத்துக்கொண்டு அதன் விலையில் பாதியைத் தந்தார். பாக்குக்கு ஒன்றும் இல்லை, ஹூட்டுக்கும் இல்லை.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய பிறகு நல்ல பிராண்ட் ட்ரைபொட் விலை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த இடைவெளிக்குள்தான் பெயர் தெரியாத இந்தப் பெட்டிகள் வந்து குந்தியிருக்கின்றன. காசு குறைவு என்றால் கொழும்பில் பாவித்த நல்ல பிராண்ட் அலுமினியக் கால் ஒன்றைத் தேடி எடுங்கள். புதுப் பெட்டியில் வருகிற பொய்யை விட அது எவ்வளவோ மேல்.

இதை எழுத வைத்தது பிறகு வந்த ஒரு படம். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அதே கடையில் விலை கேட்கப் போய், கண்ணாடி அலுமாரியில் இருந்த ட்ரைபொட்டைப் போனில் எடுத்து அனுப்பி "இது நல்லதா அண்ணா?" என்று கேட்டிருந்தார். காலின் நடுத் துண்டில் நான் உரித்த இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருக்கிறது. வளையத்தில் புது வெள்ளி ஸ்டிக்கர்.

ஐந்து துண்டுக் கால், 22 மி.மீ. மேல் குழாய், மேல் வளையத்தில் வெள்ளி ஸ்டிக்கர். இதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஸ்டிக்கரை உரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பெட்டியை எறியாதீர்கள். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.